தலையில் கருவியா, தரையில் பாயா?

தினமும் அரை மணி நேரம் கண்ணை மூடி உட்காரத் தொடங்கி ஆறேழு ஆண்டுகள் ஆன ஒருவரிடம் பேச்சுக் கொடுத்துப் பாருங்கள். முதல் சில மாதங்களில் கிடைத்த அமைதி அப்புறம் ஏனோ கைக்கு எட்டவில்லை என்பார். மூச்சைக் கவனிக்கலாம் என்று உட்கார்ந்தால் நேற்றைய வாக்குவாதம் பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொள்கிறது. அதை எழுப்பி அனுப்பினால் நாளைய வேலை வருகிறது. இப்படிச் சலித்துப்போனவர் காதில், மூளைக்குள் ஒலி அலையைச் செலுத்திச் சில நிமிடங்களில் தியான நிலையை வரவழைக்கப் பார்க்கிறார்கள் என்ற செய்தி விழுந்தால் எப்படி இருக்கும்? எனக்கு முதலில் பொறாமை வந்தது, பிறகு சந்தேகம், கடைசியில் வெட்கம் கெட்ட ஆசை. அந்த ஆசையில் தேடிப் படித்ததை வைத்துத்தான் இந்த ஒப்பீடு.

இன்று பேசப்படும் வழிகள் ஐந்து: தலையில் மெல்லிய மின்சாரம் பாய்ச்சுவது, காந்தத் துடிப்பு கொடுப்பது, குவித்த அல்ட்ராசவுண்ட் அலையை அனுப்புவது, மூளை அலையை நமக்கே காட்டும் பட்டையை அணிவது, எதுவும் இல்லாமல் உட்கார்வது. இவற்றில் சிலவற்றை வீட்டுக்கே வரவழைக்கலாம். சிலவற்றை ஆய்வகத்தில் மட்டுமே பார்க்கலாம். எது அதிகச் சக்தி வாய்ந்தது என்று அளந்தால் குழப்பமே மிஞ்சும். நான் ஒரே ஒரு கேள்வியை வைத்துக்கொண்டேன்: கருவியைக் கழற்றிய பிறகு என்ன மிஞ்சும்?

முதலில், இந்த நம்பிக்கை எங்கிருந்து பிறந்தது என்று பார்த்துவிடலாம். 2001-இல் மார்கஸ் ரெய்க்லும் அவருடைய குழுவினரும், நாம் எந்த வேலையும் செய்யாமல் இருக்கும்போது மூளையின் சில பகுதிகள் சேர்ந்து சுறுசுறுப்பாக இருக்கின்றன என்று விளக்கினார்கள். இயல்புநிலை வலையமைப்பு என்று அதற்குப் பெயர். நம்மைப் பற்றியே அசைபோடுவது, பழையதைக் கிளறுவது, வரப்போவதை ஒத்திகை பார்ப்பது எல்லாம் பெருமளவு அங்கே நடக்கின்றன. தலையின் பின்பாதியில், இரு அரைக்கோளங்கள் சந்திக்கும் நடுக்கோட்டை ஒட்டி உள்ளே அமைந்திருக்கும் பின்புறச் சிங்குலேட் என்ற பகுதி அதன் முக்கியமான சந்திப்பு. நீண்ட காலம் தியானம் செய்தவர்களிடம் இந்த வலையமைப்பு அடங்கியிருக்கிறது என்று 2011-இல் ஜட்சன் புரூவர் குழு காட்டியது.

அதைவிட எனக்குப் பிடித்தது 2013-இல் அதே வட்டாரத்திலிருந்து வந்த இன்னோர் ஆய்வு. அனுபவசாலிகளை, மூளையின் செயலைப் படமெடுக்கும் எஃப்.எம்.ஆர்.ஐ. கருவிக்குள் படுக்கவைத்து, அவர்களுடைய பின்புறச் சிங்குலேட்டின் ஏற்ற இறக்கத்தை அப்போதைக்கப்போதே வரைபடமாகக் காட்டினார்கள். சிரமமின்றி விழிப்போடு இருந்த நேரங்களில் கோடு இறங்கியது. கவனம் சிதறியபோது மட்டுமல்ல, மனத்தைக் கட்டுப்படுத்த முனைந்தபோதும் கோடு ஏறியது. தூங்கியே ஆகவேண்டும் என்று புரளும் இரவில் தூக்கம் ஓடிவிடுவது போலத்தான் இதுவும். சும்மா இருப்பதற்கு முயல்வது, சும்மா இருப்பதைக் கெடுக்கிறது. உட்கார்ந்து பழகியவர்களுக்கு இது தெரியாத விஷயமல்ல என்றாலும், கோடாகப் பார்க்கும்போது கொஞ்சம் திடுக்கிடத்தான் செய்கிறது. முயற்சியே தடையாக இருக்கிறதென்றால், நம் முயற்சி இல்லாமல் வேறு ஏதாவது அந்தப் பகுதியை அடக்கிவிட்டால் என்ன? கருவிக்காரர்களின் கேள்வி அதுதான், அதைக் கேலி செய்ய முடியாது.

ஆனால் எதை அடக்குவது என்பதில் ஒரு சிக்கல் உண்டு. 1961-இல் டெல்லியில் ஆனந்த் என்பவரும் உடன் பணியாற்றியவர்களும் யோகிகளின் மூளை அலைகளைப் பதிவு செய்தார்கள். ஆழ்ந்த நிலையில் இருந்தவர்களைச் சூடான கண்ணாடிக் குழாயால் தொட்டபோதும், அமைதியான விழிப்பின் அடையாளமான ஆல்ஃபா என்ற மூளை அலை அவர்களிடம் கலையவில்லை. 1966-இல் ஜப்பானில் கஸாமட்ஸுவும் ஹிராயும் ஜென் துறவிகளைச் சோதித்தபோது, திரும்பத் திரும்ப எழுப்பிய சொடுக்கொலி ஒவ்வொன்றையும் அவர்கள் மூளை புதிதாகக் கேட்பது போலவே பதில் கொடுத்தது. முன்னவர்கள் உலகத்தின் கதவைச் சாத்தினார்கள், பின்னவர்கள் விரியத் திறந்துவைத்தார்கள். பின்னாளில் இதே சோதனைகளைத் திரும்பச் செய்தவர்களுக்கு வேறுபாடு இவ்வளவு தெளிவாகக் கிடைக்கவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். இருந்தாலும் தியான நிலை என்று ஒரே ஒரு முகவரி மூளையில் இல்லை என்ற எச்சரிக்கை அதில் இருக்கிறது. கருவிக்கோ ஒரு முகவரி கட்டாயம் வேண்டும்.

இனி மின்சாரம். உப்பு நீரில் நனைத்த இரண்டு பஞ்சுப் பட்டைகளைத் தலையில் வைத்து, 1 முதல் 2 மில்லி ஆம்பியர் நேர்மின்னோட்டத்தை இருபது நிமிடம் போலப் பாய்ச்சுவார்கள். 2000-இல் ஜெர்மனியின் கோட்டிங்கன் நகரில் நிட்ஷேயும் பவுலஸும், இவ்வளவு மெல்லிய மின்னோட்டமே மூளையின் மேலடுக்கான புறணி எவ்வளவு எளிதில் தூண்டப்படுகிறது என்பதை மாற்றுகிறது என்றும், நிறுத்திய பிறகும் அந்த மாற்றம் சிறிது நேரம் நீடிக்கிறது என்றும் காட்டியபோது ஒரு புதிய அலை கிளம்பியது. சிறிய மின்கலத்தைக் கொண்டே இந்தக் கருவியைச் செய்துவிடலாம் என்பது இதன் கவர்ச்சி. ஆபத்தும் அதே இடத்திலிருந்துதான் வருகிறது.

தியானத்தோடு இதைச் சேர்த்துப் பார்த்தவர்கள் இருக்கிறார்கள். அமெரிக்காவின் தென் கரோலினா மருத்துவப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஒரு குழு 2017-இல் அப்படி ஒரு சிறிய ஆய்வை வெளியிட்டது. கலந்துகொண்டவர்கள் மின்னோட்டத்தைச் சிரமமின்றித் தாங்கிக்கொண்டார்கள். அந்த அளவு ஆய்விலிருந்து அதற்குமேல் பெரிதாக எதையும் எடுக்க முடியாது. அடிப்படைக் கேள்வி வேறு: அந்த மின்சாரம் மூளைக்குப் போய்ச் சேர்கிறதா? நியூயார்க்கில் கியோர்கி புசாகியின் ஆய்வகம் இறந்தவர்களின் உடல்களில் அளந்து 2018-இல் வெளியிட்ட முடிவின்படி, மின்னோட்டத்தில் முக்கால் பங்கை உச்சந்தலைத் தோலும் தசையுமே தம் வழியாகத் திருப்பிவிட்டுவிடுகின்றன. மிச்சம் மண்டையோட்டைத் தாண்டி உள்ளே போனாலும் ஓரிடத்தில் நிற்காமல் பரவுகிறது. நமக்கு வேண்டிய பின்புறச் சிங்குலேட்டோ நடுவில், உள்ளே இருக்கிறது. ஒரு வீட்டு விளக்கை மங்கலாக்குவதற்காகத் தெரு முழுவதற்கும் மின்னழுத்தத்தைக் குறைப்பது போன்ற வேலை இது.

2016-இல் இந்தத் துறை ஆய்வாளர்களே சேர்ந்து, வீட்டில் தாங்களாகச் செய்துபார்ப்பவர்களுக்கு ஒரு திறந்த மடல் எழுதினார்கள். பட்டைக்குக் கீழே உள்ள பகுதி மட்டுமே பாதிக்கப்படும் என்று நினைக்காதீர்கள். மின்சாரம் பாயும்போது நீங்கள் செய்துகொண்டிருக்கும் செயலைப் பொறுத்து விளைவு மாறும். ஒரு திறன் கூடினால் இன்னொன்று குறையலாம். ஆளுக்கு ஆள் பலன் வேறு, சிலருக்கு எதிர்த்திசையில்கூடப் போகும். கருவியை விற்பவர் சொல்லியிருந்தால் தள்ளிவிடலாம். வருடக்கணக்காக அதையே வைத்து ஆய்வு செய்கிறவர்கள் எச்சரிக்கிறார்கள். பட்டை காய்ந்துபோனால் தோல் வெந்துவிடும் என்ற சில்லறைத் தொல்லை தனி. மன அமைதிக்காக இதை வாங்குவது பற்றி என் கருத்து ஒரு சொல்லில்: வேண்டாம்.

காந்தத் தூண்டலைச் சீக்கிரம் முடித்துவிடலாம். 1985-இல் ஷெஃபீல்டில் அந்தோணி பார்க்கர் உருவாக்கிய முறை இது. மன அழுத்த நோய்க்கான சிகிச்சையாக அமெரிக்காவில் 2008 முதல் அனுமதி உண்டு, அந்த இடத்தில் அதற்கு மதிப்பும் உண்டு. ஆனால் மருத்துவமனையில் பயிற்சி பெற்றவர் கையால் மட்டுமே நடக்க வேண்டிய காரியம். அரிதாக வலிப்பு வரலாம். போதாததற்கு ஒவ்வொரு துடிப்பும் காதருகே ‘டக் டக்’ என்று ஒலித்து மண்டையைத் தட்டும். மரங்கொத்தியைத் தலையில் உட்காரவைத்துக்கொண்டு மோனத்தில் ஆழ முடிந்தவருக்கு உண்மையில் எந்தக் கருவியும் தேவையில்லை.

காந்தம் என்றதும் நினைவுக்கு வருகிற கதை ஒன்று உண்டு. கனடாவின் லாரன்ஷியன் பல்கலைக்கழகத்தில் மைக்கேல் பெர்சிங்கர் மிகப் பலவீனமான காந்தப்புலங்களைத் தரும் தலைக்கவசம் ஒன்றைப் பயன்படுத்தினார். அதை அணிந்தவர்கள் அருகில் யாரோ இருப்பதாக உணர்ந்தார்கள், சிலர் ஆன்மிக அனுபவம் என்றார்கள். ‘கடவுள் கவசம்’ என்று பெயர் ஒட்டிக்கொண்டது. 2005-இல் ஸ்வீடனின் உப்சாலாவில் பேர் கிரான்க்விஸ்ட் குழு இதை இருபுறமும் மறைத்த முறையில், அதாவது அணிபவருக்கும் சோதிப்பவருக்கும் கவசம் இயங்குகிறதா இல்லையா என்று தெரியாதபடி, திரும்பச் செய்தது. காந்தப்புலத்தால் எந்த வேறுபாடும் இல்லை. எளிதில் வசப்படும் மனம் கொண்டவர்களுக்குக் கவசம் அணைந்திருந்தாலும் அனுபவம் வந்தது. பெர்சிங்கர் இந்த முடிவை ஏற்கவில்லை. எனக்கோ இந்தக் கதை இந்தத் துறை முழுவதற்குமான கண்ணாடியாகத் தெரிகிறது. இருட்டறையில் நாற்காலியில் உட்காரவைத்து, தலையில் ஒன்றை மாட்டி, ‘என்ன நடக்கிறது என்று கவனியுங்கள்’ என்று சொன்னால், அந்தக் கவனிப்பே பாதித் தியானம். கருவி எங்கே முடிகிறது, கவனிப்பு எங்கே தொடங்குகிறது என்று பிரிப்பதுதான் கடினம்.

இப்போது உண்மையிலேயே யோசிக்கவைக்கும் வழிக்கு வருகிறேன். ஸ்கேன் எடுக்கப் பயன்படும் அதே அல்ட்ராசவுண்ட். மண்டையோடு உயர் அதிர்வெண்ணை விழுங்கிவிடும் என்பதால் வழக்கமான ஸ்கேனைவிடக் குறைந்த அதிர்வெண்ணில், பெரும்பாலும் அரை மெகாஹெர்ட்ஸ் அளவில், அலைகளை அனுப்புகிறார்கள். குவிலென்ஸ் வெயிலைச் சேர்ப்பது போல அலைகளை மூளைக்குள் ஒரு சிறிய இடத்தில் குவிக்கலாம். மின்சாரத்துக்கு எட்டாத ஆழம் இதற்கு எட்டும். அலையின் அழுத்தம் நரம்பணுச் சவ்வில் இருக்கும் அயனி வாயில்களை அசைத்து அதன் செயலை மாற்றுகிறது என்பது பலர் ஏற்கும் விளக்கம். அதே அலையின் செறிவைப் பல மடங்கு கூட்டினால் திசுவையே சுட்டுவிடலாம். கை நடுக்க நோய்க்கு, மூளையின் ஆழத்தில் இருக்கும் தலாமஸ் என்ற பகுதியில் ஒரு புள்ளியைச் சுடும் சிகிச்சைக்கு அமெரிக்கா 2016-இல் அனுமதி கொடுத்தது. தியானத்துக்காகப் பயன்படுவது அதற்கு வெகு கீழே உள்ள அளவு. ஆனாலும் அளவில்தான் எல்லாமே அடங்கியிருக்கிறது என்பதை மறக்கக் கூடாது.

இந்த வழியின் முன்னோடிகள் அரிசோனா பல்கலைக்கழகத்தில் இருக்கிறார்கள். நரம்பியல் ஆய்வாளர் ஜே சாங்வினெட்டியும், ஜப்பானில் துறவுப் பயிற்சி பெற்ற அமெரிக்கத் தியான ஆசிரியர் ஷின்சென் யங்கும் சேர்ந்து ‘செமா’ என்ற ஆய்வகத்தை அமைத்தார்கள். சாங்வினெட்டியும் சக ஆய்வாளர்களும் 2020-இல் வெளியிட்ட கட்டுரை, வலது முன்மூளைப் புறணிக்கு அலை கொடுத்தபோது மனநிலை உயர்ந்ததையும் மூளைப் பகுதிகளுக்கு இடையிலான தொடர்பு மாறியதையும் பதிவு செய்தது. 2024-இல் வந்த முன்னோட்ட ஆய்வில் 30 பேர். இம்முறை குறி நேராகப் பின்புறச் சிங்குலேட். அலை பெற்றவர்களிடம் இயல்புநிலை வலையமைப்பின் இணைப்பு மாறியது. விழிப்புணர்வு கூடியதாகச் சொன்னார்கள். ‘நான்’ என்ற உணர்விலும் நேர உணர்விலும் தற்காலிக மாறுதல்கள் இருந்தன. கூடவே உடலூக்கம் சற்றுக் குறைந்தது. விளம்பரங்களில் இடம்பெறாத அந்தக் கடைசி வரியைத்தான் நான் அதிகம் நம்புகிறேன், ஏனெனில் எதிர்பார்ப்பு மட்டுமே வேலை செய்திருந்தால் எல்லோரும் புத்துணர்ச்சி என்றுதான் சொல்லியிருப்பார்கள்.

இதற்கும் குறைகள் உண்டு. மண்டையோட்டின் தடிமன் ஆளுக்கு ஆள் மாறும், ஆகவே குறி தப்பலாம். ஒவ்வொருவர் மூளையையும் முன்கூட்டிப் படமெடுத்துத் திட்டமிட வேண்டும். ஒப்பிடுவதற்காகச் சிலருக்குப் போலி அலை மட்டும் தருவார்கள்; துடிப்பு சிலர் காதில் மெலிதாக ஒலிப்பதால், தான் பெறுவது அசலா போலியா என்று ஊகித்துவிடவும் முடியும். முப்பது பேர் என்பது தொடக்கம்தான்.

என் கேள்விக்கு வருவோம். கழற்றிய பிறகு என்ன மிஞ்சும்? ஆதரவாளர்களின் பதில் நியாயமானது: ஒருமுறை ருசித்தவனுக்குத் தேட வேண்டியது எது என்று தெரியும். இனிப்பு என்றால் என்னவென்று எழுதிக் காட்டுவதைவிட நாக்கில் ஒரு துளி வைப்பது மேல். இதை ஏற்கிறேன், பாதி அளவுக்கு. தியானத்தின் தொடக்க நாட்களிலேயே பெரிய அனுபவம் ஒன்று வாய்த்து, பிறகு பல ஆண்டுகளை அதே அனுபவத்தைத் துரத்துவதில் கழித்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். அவர்களில் ஒருவனாகவும் இருந்திருக்கிறேன். அந்த அனுபவம் கருவியால் வந்திருந்தால் துரத்தல் இன்னும் எளிது, பொத்தான் இருக்கிறதே! உட்காரும் பழக்கத்தில் வளர்வது, ஓடிப்போன மனத்தை நூறாவது முறையும் கோபமில்லாமல் திரும்ப அழைத்து வரும் தசை. மனம் ஓடவே இல்லையென்றால் அந்தத் தசைக்கு என்ன வேலை?

மூளை அலையைக் காட்டும் பட்டை இந்த இடத்தில் சுவாரசியமாகிறது. அது மூளைக்குள் எதையும் செலுத்துவதில்லை, கண்ணாடி மட்டும் பிடிக்கிறது. 1950களின் இறுதியில் சிகாகோவில் உளவியலாளர் ஜோ கமியா, தம் ஆல்ஃபா அலை எழுவதை மனிதர்கள் கண்டுகொள்ளப் பழகமுடியும் என்று காட்டியதில் தொடங்கிய வழி இது. 1970களில் ஆல்ஃபா பயிற்சி ஒரு மோகமாகவே பரவியது. பிறகு வில்லியம் பிளாட்கின் போன்றவர்கள், அந்தப் பேரமைதி அனுபவத்துக்கு அலையைவிட எதிர்பார்ப்பே முக்கியக் காரணம் என்று காட்டியதும் மோகம் வடிந்தது. இப்போது நெற்றிப் பட்டையாகத் திரும்பி வந்திருக்கிறது.

நானும் அப்படி ஒன்றை இரண்டு மாதம் அணிந்தேன். மனம் அடங்கினால் காதில் பறவை கூவும். முதல் வாரம் பிரமாதம். இரண்டாவது வாரம் பறவைக்காகக் காத்திருக்கத் தொடங்கினேன். கூவியதும் ‘ஆ, கூவிவிட்டது’ என்று மகிழ்ந்தேன், உடனே பறவை பறந்துவிட்டது. மூன்றாவது வாரம் ஒரு தந்திரம் பிடிபட்டது: நெற்றியையும் தாடையையும் தளர்த்தினால் போதும், மனம் சந்தைக்கடையாக இருந்தாலும் பறவை கூவும். நெற்றித் தசையின் மின் சைகை மூளை அலையைவிட வலுவானது. பட்டைக்கு இரண்டையும் பிரித்தறிவது எளிதல்ல. ஏமாற்றம்தான். ஆனால் அத்தனை ஆண்டுகளும் நெற்றியைச் சுருக்கிக்கொண்டே உட்கார்ந்திருக்கிறேன் என்பது அன்றுதான் தெரிந்தது. பட்டை அலமாரிக்குள் போய்விட்டது, தளர்ந்த நெற்றி என்னோடு தங்கிவிட்டது. என் அளவுகோலில் இதுவரை பார்த்தவற்றில் தேறியது இது ஒன்றே. அதுவும் அதைச் செய்தவர்கள் நினைத்த காரணத்துக்காக அல்ல.

வெறுமனே உட்கார்வதைப் பற்றி நல்லது சொல்ல ஆள் நிறைய. எண்களை மட்டும் வைக்கிறேன். அமெரிக்காவில் ஜான் கபாட்-சின் 1979-இல் தொடங்கிய எட்டு வாரத் தியானப் பயிற்சி போன்றவற்றைப் பற்றி 2014-இல் வந்த பெரிய மீளாய்வு, 47 ஆய்வுகளையும் 3,515 பேரையும் தொகுத்துப் பார்த்து, பதற்றத்துக்கும் மனச்சோர்வுக்கும் மிதமான பலன் உண்டு என்றது. உடற்பயிற்சியையோ மருந்தையோ விஞ்சும் பலன் என்பதற்குச் சான்று இல்லை என்றும் சொன்னது. மறுமுனையில், 2004-இல் ரிச்சர்ட் டேவிட்சன் குழு வேகமான மூளை அலைகளான காமா அலைகளின் அபூர்வ ஒத்திசைவைக் கண்டறிந்த திபெத்திய மரபுச் சாதகர்கள் 10,000 மணி முதல் 50,000 மணி வரை பயிற்சி செய்தவர்கள். நாளுக்கு ஒரு மணி நேரம் உட்கார்ந்தால் முதல் எண்ணைத் தொடவே 27 ஆண்டுகள் ஆகும். குறுக்குவழி தேடுகிறவர்களைச் சோம்பேறிகள் என்று திட்டும் முன் இந்தக் கணக்கைப் பார்க்க வேண்டும்.

இயற்கையானது என்பதால் உட்கார்வது ஆபத்தில்லாதது என்பதும் தவறு. 83 ஆய்வுகளைத் தொகுத்த 2020-இன் மீளாய்வில், தியானம் செய்தவர்களில் சுமார் 8 சதவீதம் பேருக்குப் பதற்றம், மனச்சோர்வு போன்ற வேண்டாத விளைவுகள் பதிவாகியிருந்தன. பிரவுன் பல்கலைக்கழகத்தின் வில்லோபி பிரிட்டனும் ஜாரெட் லின்டாலும் 2017-இல் வெளியிட்ட ஆய்வில், தியானத்தின் போக்கில் பயம், தூக்கமின்மை, ‘நான்’ என்ற பிடிப்பு கழன்றுபோகும் கலக்கம் ஆகியவற்றைச் சந்தித்தவர்கள் பேசுகிறார்கள். ‘நான்’ கரைவது ஒருவருக்கு விடுதலை, இன்னொருவருக்குக் காலடி மண் சரிவது. மெதுவாக நடப்பவருக்குச் சரிவு தெரிந்தால் நிற்க நேரம் இருக்கும். கருவி அந்த நேரத்தைத்தான் சுருக்குகிறது.

ஆகவே யாருக்கு எது? இன்னும் உட்காரவே தொடங்காதவர் எந்தக் கருவிக்கும் போக வேண்டாம். எட்டு வாரப் பயிற்சி ஒன்றை, ஆசிரியர் இருக்கும் இடத்தில், முடித்துவிட்டு யோசிக்கட்டும். உட்கார்கிறோமா தூங்குகிறோமா என்றே தெரியாமல் தடுமாறுகிறவர் பட்டையை யாரிடமாவது இரவல் வாங்கி ஒரு மாதம் பார்க்கலாம். விலை கொடுத்து வாங்கினால் பறவையைப் பிடித்தே தீரவேண்டும் என்ற பிடிவாதம் வந்துவிடும். வலிப்பு வந்தவர்கள், தலைக்குள் உலோகமோ உடலில் பேஸ்மேக்கரோ வைத்திருப்பவர்கள், மனப்பிறழ்வு அனுபவமோ குடும்பத்தில் அந்த நோயோ உள்ளவர்கள் தூண்டல் கருவிகளின் பக்கம் தாங்களாகப் போகக் கூடாது. பல ஆண்டுகள் உட்கார்ந்து, ஒரே சுவரில் முட்டிக்கொண்டிருக்கும், வழிகாட்டி ஒருவர் கூட இருக்கும் ஆளுக்கு மட்டும் அல்ட்ராசவுண்ட் ஆய்வில் தன்னார்வலராகச் சேர்வது அர்த்தமுள்ள தேர்வு என்று நினைக்கிறேன். வாய்ப்பு வந்தால் நான் சேர்வேன்.

அப்படிச் சேர்கிறவர் படிவத்தில் கையெழுத்திடும் முன் சில கேள்விகளைக் கேட்டுவிட வேண்டும். நெறிமுறைக் குழுவின் ஒப்புதல் இருக்கிறதா? என் மண்டையோட்டைப் படமெடுத்துத்தான் குறிவைக்கிறீர்களா? போலி அலை பெறும் குழுவில் விழுந்தால் அதை எப்போது சொல்வீர்கள்? இதற்கு முன் யாராவது பாதியில் எழுந்து போயிருக்கிறார்களா, ஏன்? கடைசியாக, அன்று இரவு இரண்டு மணிக்கு விழித்துக்கொண்டு, இந்தக் கை யாருடையது என்று எனக்குத் தோன்றினால், நான் எந்த எண்ணுக்கு அழைக்க வேண்டும், மறுமுனையில் எடுப்பவர் தியானம் தெரிந்தவரா?